வத்சலாவின் நேர்முகத் தேர்வும் நான் முன்கூட்டியே எழுதிவிட்ட முடிவும்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நான் முதன்முதலாக எழுதியது அதன் முடிவைத்தான். கதாநாயகி நேர்முகத் தேர்வுக்குப் போக அப்போது இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. என் முடிவில் அவள் தோற்று வீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தாள். கதாநாயகி என் மனைவி வத்சலா.

எழுதியதோடு விட்டேனா? அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில், அவளுடைய படிப்புக் குறிப்புகளுக்கு நடுவிலேயே வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டேன். கொல்கத்தா துறைமுகத்தில் கப்பல் வருகைப் பட்டியல் போடுகிறவன் நான். எந்தக் காகிதம் எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும் என நம்பித்தான் சம்பளம் தருகிறார்கள்.

என் தரப்பில் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு. இதுவரை பதினேழு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன்.* அவற்றில் ஒருவர்கூட ஜெயித்ததில்லை. வேலை கேட்டுப் போனவனுக்கு வேலை கிடைக்காது. ரயிலைப் பிடிக்க ஓடினவளுக்கு ரயில் கிடைக்காது. ஒரு கதையில் ஒருவன் கரியாஹாட் கடைத்தெருவில் குடை வாங்குவான். அடுத்த பத்தியில் மழை நின்றுவிடும். கை அப்படிப் பழகிவிட்டது. யார் கதைக்குள் வந்தாலும் தள்ளிவிட ஒரு பள்ளம் தயாராக வைத்திருப்பேன்.

* அச்சில் வந்தவை பதினொன்று. மற்ற ஆறைப் படித்தவள் வத்சலா மட்டும்தான். அவளும் ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு ரேஷன் கார்டு தேடப் போய்விட்டாள்.

2

தொடக்கத்துக்கு வருவோம். முதல் வரைவு இப்படிப் போயிற்று:

"பாலிகஞ்ச் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் அவள் ஏறியபோது வானம் கறுத்து, அவளுடைய ஒன்பது ஆண்டு மௌனத்தைப் போல…"

[கைவிட்டேன். வத்சலாவின் குறிப்பு: "அன்னிக்கு வெயில். அதோட ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட நான் மௌனமா இருந்ததில்லை."]

இரண்டாம் தொடக்கம்: "ஒரு பெண் வேலை தேடுகிறாள் என்றால்…"

[கட்டுரை மாதிரி இருந்தது. வாக்கியத்தை முடிக்கக்கூட மனசு வரவில்லை.]

மூன்றாவது அவள் சொல்லி நான் எழுதியது. அதில் அலங்காரம் எதுவும் கிடையாது. வத்சலா, வயது நாற்பத்தொன்று, பி.ஃபார்ம். தெற்குக் கொல்கத்தாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் கிளினிக்கல் ரிசர்ச் கோ-ஆர்டினேட்டராக இருந்தவள். புது மருந்து கடைக்கு வருவதற்கு முன் சம்மதிக்கிற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அந்தச் சோதனையில் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒவ்வொரு ஊசிக்கும் பதிவு வைத்து, கோப்பைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்கு ஒடிசாவிலுள்ள பாராதீப் துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. மகள் மேக்னாவுக்கு அப்போது இரண்டு வயது. வத்சலா ராஜினாமா கொடுத்தாள். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் கொல்கத்தாவுக்கே வந்தோம். என் வேலை என்னோடு வந்தது, அவள் வேலை வரவில்லை.

அந்த ஒன்பது வருஷத்தில் அவள் முப்பத்தோரு விண்ணப்பம் போட்டாள். அலிப்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம்தான் முதன்முதலாக நேரில் வரச் சொன்னது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் நான் அவளைத் தோற்கடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனேன்.

3

சாயங்காலம் திரும்பி வந்தபோது காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு வரியின் குறுக்கேயும் ஒரே ஒரு கோடு. அடியில் இருந்த எழுத்து நன்றாகப் படிக்க முடிந்தது. ஓரத்தில் அவளுடைய சுருக்கொப்பம், தேதி, காரணம்.

அவர்கள் தொழிலில் அதுதான் சட்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒரு கோடு மட்டும் போட வேண்டும். என்ன தப்பு, யார் அடித்தது, எப்போது, ஏன் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். (நான் கைவிட்ட வாக்கியங்களை இந்தக் கதையில் நீங்கள் பார்ப்பது அதனால்தான். இதற்கு முன் நான் எழுதிய கதைகளில் குப்பைக்கூடை வீட்டோடு நின்றுவிடும்.)

அவள் எழுதியிருந்த காரணம்: "நடக்காததைப் பதிவு செய்தது."

அழவில்லை, கத்தவில்லை. சாம்பாரைப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் தோத்துப்போவேன்னு நினைக்கறேளா, இல்லை தோத்தா கதைக்கு நன்னாயிருக்கும்னு நினைக்கறேளா?"

"ரெண்டாவதுதான்," என்றேன்.

[பொய். முதலாவதும் இருந்தது.]

"அப்படின்னா ஒண்ணு பண்ணுங்கோ. நாளையிலேர்ந்து தெனம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்கதான் என்னை இண்டர்வியூ பண்ணணும். கேள்வியெல்லாம் நானே எழுதித் தரேன். முகத்தை உர்ருனு வெச்சுக்க வேண்டியது மட்டும்தான் உங்க வேலை. அது உங்களுக்கு வரும்."

4

பயிற்சி தொடங்கியது. நான் மேஜையின் தலைப்பக்கம் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். மேக்னா நோயாளி. பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. பெங்காலியில் யோசித்து, தமிழில் எங்களுக்கு அருள்பாலிப்பவள்.

"பாட்டி, நான் ஒரு புது சுகர் மாத்திரையைப் பத்தி உங்ககிட்ட சொல்லப்போறேன்," என்று வத்சலா ஆரம்பித்தாள். "அவசரமே இல்லை. ஆத்துல போய் எல்லாரையும் கேட்டுண்டு வந்து சொல்லலாம்."

"வேண்டாம்னு தோணித்துன்னா?" என்றாள் மேக்னா, கிழவிக் குரலில்.

"எழுந்து போயிடலாம். எப்ப வேணும்னாலும், பாதியிலகூட. யாரும் கோச்சுக்க மாட்டா. உங்க வைத்தியம் எப்பவும் போல நடக்கும்."

"டீக் ஆச்சே, சரி. கணக்கு ட்யூஷனுக்கும் இந்த ரூல் போடலாமா மா?"

"நோயாளி நடிக்கறதை மட்டும் நடிக்கட்டும்," என்று நான் அதட்டினேன். உர்ரென்ற முகம் நன்றாகவே வந்தது.

நாலாவது நாள் அவள் எழுதித் தந்த பதினோராம் கேள்விக்கு வந்தேன். "உங்கள் வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்."

அதுவரை மடமடவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். மேக்னாவைக் கீழே விளையாட அனுப்பினாள். பிறகு, பதினாறு வருஷக் கல்யாணத்தில் எனக்குச் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

பழைய ஆஸ்பத்திரியில் ரஞ்சன்பாபு என்று ஒரு நோயாளி. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், கை நடுக்கம் உள்ளவர். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவே அவருக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. பக்கத்திலேயே தேதியையும் அவரே எழுத வேண்டும். அவர் பேனாவை நீட்டி, "மா, தேதியை நீயே எழுதிடேன்," என்றார். அப்பா வயசுக்காரர், வியர்த்துக்கொண்டிருந்தார். வத்சலா எழுதிவிட்டாள். சரியான தேதிதான். ஆனால் நோயாளியின் இடத்தில் நோயாளி மட்டுமே எழுதலாம். முடியாதென்றால் சாட்சியை வைத்து வேறு முறையில் செய்ய வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கோப்பைப் புரட்டுகையில் தன் கையெழுத்தைத் தானே பார்த்தாள். வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கே சோதனையை நடத்திய டாக்டரிடம் சொல்லி, விதிமீறல் என்று எழுதிக் கொடுத்து, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பவைத்தாள். டாக்டர் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இவ்வளவுதானா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

5

கதைக்காரனாக எனக்கு இதில் இரண்டு கஷ்டம்.

தப்பு ரொம்பச் சின்னது. ஒரு தேதி, அதுவும் சரியான தேதி! ஒரு வரைவில் ரஞ்சன்பாபுவைச் சாகடித்துப் பார்த்தேன். வத்சலா கொதித்துவிட்டாள். "மனுஷர் போன மாசம் கரியாஹாட் மார்க்கெட்ல என்னைப் பாத்து, பொண்ணு எத்தனாங் கிளாஸ்னு கேட்டார். மீன்காரனோட சண்டை வேற போட்டுண்டிருந்தார். அவரைப் போய்க் கொல்றேளே!" உயிர் கொடுத்துவிட்டேன். மன்னிக்கவும், ரஞ்சன்பாபு.

இரண்டாவது கஷ்டம் வத்சலாவே. யாரும் பார்க்காத தப்பைத் தானே போய்ச் சொல்கிற ஒருத்தியை வாசகர் நம்புவாரா? நான் நம்புவேனா? அதனால் இன்னொரு வரைவில் அவளை மறைக்கவிட்டேன். படித்துவிட்டு, "இதுல இருக்கறவ யாரு? உங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்காளா?" என்று கேட்டாள்.

ஆனால் கதைக்கு வெளியே நானும் அதைத்தான் செய்யச் சொன்னேன்.

"இண்டர்வியூவுல இதைச் சொல்லாதே, வத்சு. ஒன்பது வருஷ இடைவெளி ஏற்கெனவே கழுத்தைப் பிடிக்கும். அதுக்கு மேல, சம்மதப் படிவத்துலயே தப்பு பண்ணினவள்னு நீயே சொன்னா, வாசலைக் காட்டிடுவா. அளவுக்கு மீறி உழைப்பேன், அதான் என் குறைன்னு சொல்லு. எல்லாரும் அப்படித்தான் சொல்றா."

அவள் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. முப்பத்தோரு விண்ணப்பம் அவளையும் பயமுறுத்தியிருந்தது. மறுநாளிலிருந்து பதினோராம் கேள்வி வந்ததும், "சில சமயம் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். நானும் உர்ரென்ற முகத்தோடு தலையாட்டினேன். மற்ற எல்லாக் கேள்விக்கும் என் மனைவி பதில் சொன்னாள். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் சொன்னேன், அவள் வாயால்.

6

சரஸ்வதி பூஜை முடிந்த அடுத்த திங்கட்கிழமை. கரியாஹாட்டில் வாங்கிய சாம்பல் நிறப் பருத்திப் புடவை. நான் அரைநாள் லீவு. அலிப்பூரில் அந்த அலுவலக வாசலில் அவளை இறக்கிவிட்டு எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம். பார்க்காததைத்தான் எழுத வேண்டும் என்பது என்னுடையது. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம்: வெளியே வந்ததும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொன்னதை, சொன்னபடி எழுதுவது.

மூன்று பேர் இருந்தார்கள். ஒரு டாக்டர், தரப் பிரிவுத் தலைவியான ஓர் அம்மாள், லேப்டாப்பை விட்டுக் கண்ணெடுக்காத ஓர் இளைஞர். பேச்சு இங்கிலீஷும் பெங்காலியுமாக நடந்தது. முதல் கேள்வியே ஒன்பது வருஷம் என்ன செய்தீர்கள் என்பதுதான். குடும்பம், மாற்றல், மாறிய விதிகளையெல்லாம் வீட்டிலிருந்தே படித்தது என்று பதில் சொன்னாள். டாக்டர் "ம்" என்றார்.

அடுத்து ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுத்தார்கள். நிஜ நோயாளியுடையது இல்லை, பரீட்சைக்காகவே தயாரித்தது. அதில் வேண்டுமென்றே ஐந்து தப்பு வைத்திருந்தார்கள். அரை மணியில் கண்டுபிடிக்க வேண்டும். ரத்தம் எடுத்த மறுநாள் போட்ட சம்மதக் கையெழுத்து, ஓரிடத்தில் வெள்ளை மை, எடை எழுதிய எண்ணின் மேலேயே இன்னொரு எண்… இருபது நிமிஷத்தில் ஐந்தும் கிடைத்துவிட்டன.

மிச்சம் பத்து நிமிஷம். வத்சலா சும்மா உட்காரத் தெரியாதவள். கோப்பின் கடைசியில் பெங்காலிச் சம்மதப் படிவம் இருந்தது. அதை எடுத்து இங்கிலீஷ் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஆறாவதா ஒண்ணு இருக்கு," என்றாள்.

தரப் பிரிவு அம்மாள் சிரித்தார். "ஐந்துதானே வைத்தோம்? பெங்காலிப் படிவத்தில் எதுவும் வைக்கவில்லையே."

"நீங்க வைக்கலை, மேடம். அதுவா இருக்கு."

இங்கிலீஷில், நோயாளி எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் அவர் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது என்று ஒரு வாக்கியம் இருந்தது. பெங்காலியில் அந்த வாக்கியமே இல்லை. மொழிபெயர்த்தவர் விட்டிருக்கிறார். விண்ணப்பித்தவள் தமிழ்ப் பெண், அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள் என்று அந்த அறையில் யாரும் நினைக்கவில்லை. அவர்களும் பார்க்கவில்லை. சொந்த மொழியில் இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

அம்மாள் வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். டாக்டரிடம் தள்ளினார். இளைஞர் லேப்டாப்பை மூடினார்.

"இந்தப் படிவத்தை எங்கள் புதுச் சோதனைக்கான நகலிலிருந்துதான் எடுத்தோம்," என்றார் அம்மாள் மெல்ல. "அடுத்த மாதம் நோயாளிகளிடம் கொடுக்க இருந்தோம்."

டாக்டர் கேட்டார்: "பெங்காலி வாசிக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

"எம்பொண்ணோட ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து பக்கத்துல உக்காந்து கத்துண்டேன், சார். ஒன்பது வருஷம் என்ன பண்ணினேன்னு கேட்டேளே, இதுவும் பண்ணினேன்."

[இந்த இடத்தில் டீக்கடை பெஞ்சில் நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். டீக்கடைக்காரர், "கீ ஹோலோ, தாதா?" என்று, என்ன ஆயிற்று என விசாரித்தார். வேலை கிடைத்துவிட்டதா என்று வத்சலாவையும் கேட்டார். "இன்னும் கதை முடியலை," என்றாள் அவள்.]

பதினோராம் கேள்வி அங்கேயும் வந்தது. அம்மாள்தான் கேட்டார். கிளிப்பிள்ளைப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள், ரஞ்சன்பாபு வந்தார். முழுக்கச் சொன்னாள்.

"நீங்கள் சொல்லாவிட்டால் யாராவது கண்டுபிடித்திருப்பார்களா?" என்றார் டாக்டர்.

"மாட்டா, சார்."

"தேதியும் சரியானதுதான். பிறகு ஏன்?"

"அது அவரோட நாள், சார். ராத்திரியெல்லாம் யோசிச்சு, பயந்து, சரின்னு அவர் முடிவு பண்ணின நாள். சரியான தேதியாவே இருந்தாலும், அவருக்காக அதை நான் எழுதக் கூடாது."

பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்குக் காது சுட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை; அவளுடைய நாளை நானே எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போன அந்தக் காகிதம் அவள் நினைவிலேயே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

7

இனி முடிவு. மூன்று தயாராக வைத்திருந்தேன்.

அ) உண்மையைச் சொன்னதால் வேலை கிடைக்காமல் போகிறது. வானம் கறுக்கிறது. (பழைய பழக்கம்.)

ஆ) வேலை கிடைக்கிறது, அதே நாளில் எனக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வருகிறது. (இதைச் சொன்னபோது, "வரட்டுமே. போய்ட்டு வாங்கோ, லெட்டர் போடறேன்," என்றாள்.)

இ) கடிதம் வருகிறது. அவள் பிரிக்கிறாள். கதை அங்கேயே நிற்கிறது. (பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும்.)

நடந்தது இதில் எதுவும் இல்லை. வியாழக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு அவளுடைய போன் அடித்தது. அவள் கரியாஹாட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை உங்களுக்குத்தான், திங்கட்கிழமை வர முடியுமா, முதல் வேலையாக அந்தப் பெங்காலிப் படிவத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். வத்சலா முதலில் முருங்கைக்காய்க்காரியிடம் சொன்னாள். பிறகு எங்கள் கட்டட வாட்ச்மேனிடம். பிறகு மேல்மாடி பெங்காலி மாமியிடம். அவர் பெங்காலி வழக்கப்படி மங்கலத்துக்கு உடனே சங்கு ஊதிவிட்டார். நாலாவதாகத்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் கப்பல் பட்டியலில் ஒரு கப்பலை இரண்டு தடவை எழுதிவிட்டேன். ஒரு கோடு, சுருக்கொப்பம், தேதி. காரணம்: மனைவிக்கு வேலை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் பதினேழு கதையிலும் கடைசி வரி என்னுடையது. பதினெட்டாவதிலும் ஒரு நல்ல வரி போட ஆசைப்பட்டேன். திங்கட்கிழமை காலை, அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்டேன்.

"வத்சு, கதையை எப்படி முடிக்கட்டும்?"

"எந்தக் கதை?" என்றாள். நிஜமாகவே மறந்துபோயிருந்தாள். "ஒன்பது மணிக்கு நான் அங்க இருக்கணும். மேக்னாவுக்கு ரெண்டு பின்னல். டிபன் பாக்ஸ் மூடி டைட்டா இருக்கான்னு பாருங்கோ." லிஃப்ட் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மூன்று மாடியும் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். சாம்பல் புடவை தெருமுனையில் ஓர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தியது. ஏறினாள், போய்விட்டாள்.

பின்னால் மேக்னா சீப்போடு நின்றாள். "அப்பா, எனக்கு ஸ்கூலுக்கு தேரி ஆகறது, லேட்டு."

ஆகவே வாசகரே, நிலைமை இதுதான். கதாநாயகி கதையை விட்டு வெளியே போயிருக்கிறாள். இந்த நிமிஷம் அவள் என்ன செய்கிறாள், யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதாத ஒரு நாளில் அவள் நடமாடிக்கொண்டிருக்கிறாள். முடிவு வேண்டும் என்கிறவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாருங்கள். பாலிகஞ்ச், ஸ்டேஷனிலிருந்து நாலாவது சந்து, மூன்றாம் மாடி. கதவை நான் திறப்பேன், டீ போட்டுத் தருவேன். ஆனால் என்னிடம் கேட்காதீர்கள். அவளிடமே கேளுங்கள்.